‘மா’வும் ஒரு சீனக் குதிரையும்

கைபேசியில் சுற்றிக்கொண்டே இருக்கும் செய்திகளில் ஒன்று இப்படித் தொடங்கும்: சீன மொழியில் குதிரைக்குப் பெயர் ‘மா’. சங்கத் தமிழிலும் குதிரைக்குப் பெயர் ‘மா’. ஆகவே…

அந்த ‘ஆகவே’வுக்குப் பிறகு வருவது அனுப்புகிறவரைப் பொறுத்து மாறும். சீனமே தமிழிலிருந்து பிறந்தது என்பார் ஒருவர். தமிழன் குதிரை வாங்கப் போன வழி இதுதான் என்பார் இன்னொருவர். வேடிக்கை என்னவென்றால், முதல் இரண்டு வரிகளிலும் பிழை இல்லை. சீனத்தில் குதிரை ‘மா’தான். வள்ளுவரும் போர்க்களத்தில் ஆளைத் தள்ளிவிட்டு ஓடும் பழக்கப்படாத குதிரையை ‘அமரகத்து ஆற்றறுக்கும் கல்லாமா’ (குறள் 814) என்கிறார். கோளாறு முழுவதும் அந்த ‘ஆகவே’வில் இருக்கிறது.

முதலில் தமிழ்ப் பக்கத்தைப் பார்ப்போம். ‘மா’ என்பது குதிரைக்கு மட்டும் உரிய பெயராக இருந்திருந்தால் சிங்கம் எப்படி அரிமா ஆகும்? யானை எப்படிக் கைம்மா ஆகும்? மயிர் நீப்பின் வாழாத கவரிமாவும் குதிரை அல்லவே. (அது மானும் அல்ல. ‘கவரிமான்’ என்று நாம் பழக்கத்தில் சொல்லிச் சொல்லி, பனிமலையில் திரியும் சடை மாட்டுக்குக் கிளைக்கொம்பும் புள்ளியும் வரைந்துவிட்டோம்.) தொல்காப்பியம் ‘மாவும் மாக்களும் ஐயறிவினவே’ என்கிறது. அங்கே மா என்பது விலங்கு, பொதுவாக. குதிரையைக் குறிக்கும் இடங்களில் அந்தப் பொதுப்பெயர் சுருங்கி நிற்கிறது, அவ்வளவுதான். போர்க்களத்தில் ‘விலங்கு’ என்றால் எந்த விலங்கு என்று கேட்க வேண்டியதில்லை.

சீனப் பக்கம் இன்னும் தெளிவு. இன்று ‘மா’ என்று ஒலிக்கும் அந்தச் சொல், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒலிக்கவில்லை. பழஞ்சீன ஒலிகளை மீட்டெடுத்த ஆய்வாளர்கள் அதை ஏறத்தாழ ‘ம்ரா’ என்று வைக்கிறார்கள். நடுவில் ஒரு ரகரம். பர்மிய மொழியில் குதிரையின் பழைய எழுத்து வடிவம் ‘ம்ரங்’. மங்கோலியத்தில் ‘மோரி’. சீனச் சொல்லைப் பின்னோக்கித் துரத்தினால் அது பர்மாப் பக்கம் நெருங்குகிறது, தமிழை விட்டு விலகுகிறது. உண்மையான உறவு என்றால் காலத்தில் பின்னே போகப் போக இரண்டும் நெருங்க வேண்டும். இங்கே நடப்பது நேர்மாறு.

அப்படியானால் இது தற்செயலா? ஆம். அதில் வியப்பதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மொழியில் இருபது மெய்யும் ஐந்து உயிரும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெய், ஒரு உயிர் சேர்ந்து வரக்கூடிய அசைகள் நூறுதான். ‘ம்’ என்னும் ஒலி இல்லாத மொழியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ‘அ’ அதைவிடப் பரவலானது. ஏறத்தாழ ஏழாயிரம் மொழிகள் இந்த ஒரே சின்னப் பையில் கைவிட்டுச் சொல் எடுக்கும்போது இரண்டு கைகள் முட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் அதிசயம். இதில் நாமும் கொஞ்சம் கள்ளக் கணக்கு எழுதுகிறோம். குறிலா நெடிலா என்று பார்ப்பதில்லை. சீனத்தில் எந்தத் தொனி என்று கேட்பதில்லை. பொருளையும் ‘குதிரை’யிலிருந்து ‘விலங்கு’, ‘பெரியது’, ‘ஓடுவது’ என்று இழுத்துக்கொள்கிறோம். இந்தக் கட்டுரையில் நானும் ம, மா இரண்டையும் ஒரே கூடையில்தான் போடப் போகிறேன். சுற்றிக் காட்டுவதற்கு அந்தத் தளர்ச்சி போதும், உறவை நிறுவுவதற்குப் போதாது.

தற்செயலுக்கு மொழியியலார் காட்டும் பேர்போன சான்று ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் வடக்கு குவீன்ஸ்லாந்தில் பேசப்பட்ட ம்பாபாரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்கு என்ன பெயர் என்று மொழியியலாளர் ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன் கேட்டபோது வந்த பதில் ‘டாக்’. ஆங்கிலச் சொல்லேதான், பொருளும் அதுவேதான். ஆனால் ஆங்கிலத்திலிருந்து வாங்கியது அல்ல. பக்கத்து மொழிகளில் நாய் ‘குடகா’, ‘குடா’ என்றெல்லாம் இருக்கிறது. ம்பாபாரத்தில் சொற்களின் முதலசை உதிர்வதும், ஈற்றுயிர் உதிர்வதும், நடு உயிர் திரிவதும் வழக்கமாக நடந்த மாற்றங்கள். ‘குடகா’வின் தலையையும் வாலையும் வெட்டினால் மிஞ்சியது ‘டாக்’. மூன்று ஒலி உள்ள சொல்லுக்கே இந்தக் கதி. இரண்டு ஒலி உள்ள ‘மா’வைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் அது யார் கேட்டாலும் ‘ஆமாம்’ என்றுதான் சொல்லும்.

ஆனால் எல்லாவற்றையும் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது. அம்மாவை என்ன செய்வது?

1959இல் மானுடவியலாளர் ஜார்ஜ் மர்டாக், உலக மொழிகளிலிருந்து தாய், தந்தையைக் குறிக்கும் 1,072 சொற்களைத் திரட்டி வெளியிட்டார். தாயைக் குறிக்கும் சொற்களில் 55 விழுக்காடு ம, ந போன்ற மூக்கொலிகளைக் கொண்டிருந்தன. தந்தையைக் குறிப்பவற்றில் அது 15 விழுக்காடுதான். இந்தச் சரிவு தற்செயலாக வராது. அதே நேரத்தில் எல்லா மொழியும் ஒரே தாய்மொழியிலிருந்து வந்ததற்கான தடயமும் இல்லை. மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் அடுத்த ஆண்டு சொன்ன விளக்கம் எளியது: பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்கிறது. அந்த நிலையில் எழுப்பக்கூடிய ஒரே ஒலி மூக்கு வழியாக வரும் முனகல். பிறகு பால் வேண்டும்போதும், பசிக்கும்போதும், ஆள் வேண்டும்போதும் அதே முனகல் வருகிறது. வாயைத் திறந்தால் ‘மா’. பக்கத்தில் இருக்கும் பெண் அதைத் தன் பெயர் என்று எடுத்துக்கொள்கிறாள். குழந்தை பெயர் வைக்கவில்லை. தாய்தான் தனக்கு வைத்துக்கொண்டாள்.

அதனால்தான் இந்த விதி சில இடங்களில் கவிழ்ந்தும் கிடக்கிறது. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா; அம்மா ‘தேதா’. ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பிட்ஜன்ஜாரா மொழியிலும் ‘மாமா’ அப்பாதான். ஜப்பானியத்தில் அம்மாவைக் குறிக்கும் ‘ஹஹா’ மிகப் பழங்காலத்தில் ‘பபா’ என்று ஒலித்தது. நம் மாமாவோ தாயின் உடன்பிறந்தவர். மழலை ஒலிகள் ஒரு கைப்பிடி. வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

தொனி மொழிகளுக்குப் போனால் ‘மா’வுக்குத் திருவிழா. சீனப் பாடத்தின் முதல் வாரத்தில் எல்லாருக்கும் இந்தச் சித்திரவதை உண்டு. உயரமாக, சமமாக இழுத்தால் அம்மா. கேள்வி கேட்பதுபோல் ஏற்றினால் சணல், மரத்துப்போதலும் அதே. தாழ இறக்கி மீண்டும் எழுப்பினால் குதிரை. சட்டென்று வெட்டி இறக்கினால் திட்டுதல். தொனியே இல்லாமல் வாக்கியத்தின் வாலில் ஒட்டினால் கேள்வி. அம்மா குதிரையைத் திட்டுகிறாளா என்பதைக் கிட்டத்தட்ட ஒரே அசையை வைத்துக்கொண்டே கேட்டுவிடலாம். எழுத்தில் பார்த்தால் இன்னும் அழகு: அம்மாவுக்கான எழுத்து ‘பெண்’ணும் ‘குதிரை’யும் சேர்ந்தது. திட்டுவதற்கு ஒரு குதிரையின் தலைமேல் இரண்டு வாய்கள். கேள்விக்கு ஒரு வாயும் குதிரையும். எறும்பில்கூடப் பூச்சியோடு குதிரை நிற்கிறது. அம்மாவுக்கும் எறும்புக்கும் குதிரையோடு பொருள்தொடர்பு ஏதும் கிடையாது. ‘இது மா என்று ஒலிக்கும்’ என்று காதைக் கிள்ளிச் சொல்வதற்காக மட்டும் அந்தக் குதிரை அங்கே கட்டப்பட்டிருக்கிறது.

வியட்நாமியத்தில் தொனி ஆறு. பேய், கன்னம், ‘ஆனால்’, கல்லறை, குதிரை, நெல் நாற்று என்று ஆறும் ஆறு ‘மா’. தென்பகுதியில் கன்னத்தின் தொனியிலேயே அம்மாவும் உண்டு. தாய்லாந்தில் ‘வா’ என்பதும், குதிரையும், நாயும் மூன்று தொனியில் ‘மா’தான். நாயைக் கூப்பிடுவது அங்கே கொஞ்சம் நாக்கைச் சுழற்றும் வேலை.

இந்தக் கூட்டத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும்: வியட்நாமியப் பேய். அதற்கு ஊர் உண்டு, பயணம் உண்டு. புத்தர் போதி மரத்தடியில் அமர்ந்தபோது கலைக்க வந்தவன் மாரன். சாவைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து பிறந்த பெயர்; கொல்பவன் என்று பொருள். பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் அந்தப் பெயருக்கு ஒலிபெயர்ப்பாக ஓர் எழுத்தை உருவாக்கினார்கள். மேலே ஒலிக்காகச் சணல், உள்ளே பொருளுக்காகப் பேய். நாளடைவில் ‘ரன்’ உதிர்ந்து முதலசை மட்டுமே நின்றது. இன்றைய பெய்ஜிங் உச்சரிப்பில் அது ‘மோ’ ஆகிவிட்டது. ஆனால் முன்பே வாங்கிக்கொண்ட ஜப்பானியர், கொரியர், வியட்நாமியர் எல்லாரும் ‘ம’ என்றே வைத்திருக்கிறார்கள். ஜப்பானியத்தில் சாத்தானுக்கு ‘அகுமா’ என்பதன் கடைசி அசை அந்த மாரன்தான். மணிமேகலை புத்தரை ‘மாரனை வெல்லும் வீர’ என்று விளிக்கிறதே, அதே மாரன். நம் பக்கம் அவன் கரும்பு வில்லோடு மன்மதனாகி அழகனானான். கிழக்கே போனவன் பேயானான்.

குதிரை விஷயத்தில் ஒலி ஒன்று, உறவு இல்லை. மாரன் விஷயத்தில் உறவு உண்டு, ஒலி பாதி தேய்ந்துவிட்டது. சொல்லாராய்ச்சியில் கிடைக்கும் உருப்படியான உறவுகள் பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

இல்லை என்று சொல்லும் ‘மா’வுக்கும் இப்படி ஒரு குடும்பம் இருக்கிறது. வடமொழியில் ‘மா’ என்றால் ‘வேண்டாம், செய்யாதே’. கீதையில் கண்ணன் அர்ச்சுனனிடம் ‘மா சுச:’ என்கிறான், வருந்தாதே. கிரேக்கத்தில் இதே விலக்குச் சொல் ‘மே’. அர்மீனியத்தில் ‘மி’. பழைய பாரசீகக் கவிதைகளில் வினைக்கு முன் ஒட்டும் ‘ம’. மா, மே, மி என்று உயிர் மாறுவது குறை அல்ல, அதுதான் ஆதாரம். வடமொழியில் ஆகாரம் வரும் பல இடங்களில் கிரேக்கத்தில் ஏகாரம் வருவது ஒழுங்காகத் திரும்பத் திரும்பக் காணப்படும் மாற்றம். சொல்லுக்குச் சொல் அதே தடம் விழுகிறது.

வால்மீகியின் முதல் சுலோகம் என்று மரபு கொண்டாடுவது இந்த ‘மா’வில்தான் தொடங்குகிறது. இணையோடு இருந்த பறவையை அம்பெய்து கொன்ற வேடனைப் பார்த்து ‘மா நிஷாத…’ என்கிறார். வேடனே, நீ நெடுங்காலம் நிலைபெறாதே போ. ஒரு காப்பியம் சாபத்தில் தொடங்கலாமா என்று பின்னால் வந்த உரைகாரர்களுக்கு உறுத்தியது. வடமொழியில் ‘மா’வுக்குத் திருமகள் என்றும் பொருள் உண்டல்லவா? மாதவன் என்றால் திருமகள் கணவன் என்று பிரிப்பது அப்படித்தான். ஆகவே ‘மா நிஷாத’வை ஒரே சொல்லாகச் சேர்த்து, ‘திருமகள் உறையும் இடமானவனே’ என்று திருமாலை வாழ்த்துவதாகப் படித்தார்கள். ஓர் இடைவெளியை மூடியதும் சாபம் வாழ்த்தாகிவிட்டது. உரைகாரர்கள் இங்கே காட்டிய திறமை எனக்குப் பிடிக்கும். ஆனால் பறவை செத்துத்தான் கிடக்கிறது.

அரபியின் ‘மா’ இந்தக் குடும்பத்தில் சேராது. அங்கே அது ‘என்ன’ என்று கேட்கும். எபிரேயத்தின் ‘மா’வும் அதே. அரபியில் ‘மா இஸ்முக?’ என்றால் உன் பெயர் என்ன. ‘எது, எதை’ என்று இணைக்கவும் செய்யும். மாஷா அல்லாஹ் என்பது ‘இறைவன் எதை நாடினானோ அது’. ஆனால் ‘மா ஃபஹிம்து’ என்றால் எனக்குப் புரியவில்லை. கேட்பதும் மறுப்பதும் ஒரே சொல்லா என்று தோன்றும். கேள்வியிலிருந்தே மறுப்பு வந்தது என்று இலக்கண ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘எனக்கு என்ன தெரியும்?’ என்று ஒருவர் கையை விரித்தால், அவர் எதையும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லி முடித்துவிட்டார்.

சீனத்தில் இதே பாதை எதிர்த்திசையில் ஓடியிருக்கிறது. வாக்கியத்தின் வாலில் ஒட்டும் கேள்வி ‘மா’ பழைய ‘இல்லை’ என்ற சொல்லிலிருந்து வந்தது. தாங் காலக் கவிஞர் பை ஜூயி (772–846) நண்பரை அழைக்கும் ஒரு நான்கடிக் கவிதை, மாலையில் பனி விழும்போல் இருக்கிறது, ஒரு கிண்ணம் அருந்த வருவாயா என்று கேட்டு முடிகிறது. அதன் கடைசி எழுத்துக்கு நேர்ப்பொருள் ‘இல்லை’. குடிக்க முடியும், இல்லை? அந்த ‘இல்லை’தான் தேய்ந்து தேய்ந்து இன்றைய கேள்வி ஒட்டானது. பேச்சுத் தமிழில் நாமும் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். ‘நாளைக்கு வருவீங்கல்ல?’ என்பதில் கடைசியில் தொங்கும் ‘ல்ல’ பழைய மறுப்புச் சொல். அதற்கு ‘ஆமா, வருவேன்’ என்று பதில் சொல்கிறோம். மறுப்பை மறந்துவிட்டோம்.

இங்கே சுற்றுச் செய்திக்காரர்களுக்கு இன்னொரு தூண்டில் கிடக்கிறது. சீனத்தில் கேள்விக்கு ‘மா’, தமிழிலும் ‘வருமா? தெரியுமா? முடியுமா?’ என்று ‘மா’. பார்த்தீர்களா! பார்த்தோம். தமிழில் கேள்வி கேட்பது ‘ஆ’ மட்டும்தான். வரும் + ஆ, வருமா. வந்தான் + ஆ, வந்தானா. அந்த மகரம் ‘வரும்’ என்ற வினையின் சொத்து. ஒட்டுப்போட்ட இடத்தில் வெட்டாமல் தவறான இடத்தில் வெட்டினால் எந்த மொழியிலும் எந்த மொழியையும் காணலாம்.

துருக்கியில் ‘மா’ வினையின் நடுவே அல்லது வாலில் நின்று மறுக்கும். ‘யஸ்மா’ என்பதில் முதலசையை அழுத்தினால் எழுதாதே. கடைசி அசையை அழுத்தினால் எழுதுதல். குரலின் எடை எங்கே விழுகிறது என்பதில் கட்டளை தலைகீழாகிறது. திபெத்தியத்தில் ‘ம’ என்றால் இல்லை, ‘மா’ என்று கேட்கும் இன்னொன்று தாய். அதையும் வால்மீகியையும் இணைக்க யாரும் முயல வேண்டாம்.

ஐரோப்பாவில் நமக்குத் தெரிந்த ‘மா’க்கள் பல லத்தீனின் உடைந்த துண்டுகள். இத்தாலியத்தில் ‘மா’ என்றால் ‘ஆனால்’; லத்தீனில் ‘மேலும், அதிகம்’ என்ற பொருளில் இருந்த ‘மாகிஸ்’ தேய்ந்த வடிவம். பிரெஞ்சில் ‘மா’ என்றால் ‘என்’, பெண்பாலுக்கு. அது ‘மேயா’ என்பதன் தேய்வு. அந்த ‘என்’னை நாம் தினமும் அறியாமல் சொல்கிறோம். மேடம் என்பது ‘மா தாம்’, என் சீமாட்டி. வகுப்பறையில் அது ‘மேம்’ ஆகிச் சுருங்கும்போதும் முதல் மகரத்தில் அந்த ‘என்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களும் தவறாக வெட்டியிருக்கிறார்கள். ‘என் தோழி’ என்பது பழைய பிரெஞ்சில் ‘மாமி’. மா, அமி இரண்டும் புணர்ந்தது. காலப்போக்கில் அதை ‘மா மி’ என்று பிரித்தார்கள், ‘மி’ என்றொரு புதுச் சொல் காதலிக்குப் பெயராக முளைத்தது. தமிழ்க் காதுக்கு அந்தப் பழைய வடிவம் வேறு மாதிரி கேட்பதை என்னால் தடுக்க முடியாது.

ஹங்கேரியில் ‘மா’ இன்று. எஸ்தோனியத்தில் ‘ம’ நான், ‘மா’ நிலம். பின்லாந்திலும் ‘மா’ நிலம்தான்; அதோடு காற்றைச் சேர்த்து ‘மாஇல்மா’ என்றால் உலகம். தஞ்சை வயலை ‘மா’ கணக்கில் அளப்பதை நினைத்து யாருக்கேனும் கை துறுதுறுக்கலாம். அந்தத் துறுதுறுப்புக்கு வயது அதிகம். 1856இல் கால்டுவெல்லே தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைப் பின்லாந்து மொழியும் அடங்கிய ‘சித்திய’க் கூட்டத்தில் சேர்த்துப் பார்த்தார். இன்று மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. ‘மா’வை வைத்து வாதாடினால் வழக்கு இன்னும் பலவீனமாகும், ஏனென்றால் நம் வயலின் ‘மா’ மண் அல்ல, பின்னம்.

தமிழ் அளவில் மா என்பது இருபதில் ஒன்று. இருபது மா ஒரு வேலி. ஏறத்தாழ மூன்று மா ஓர் ஏக்கர். மாவோடு காணியைச் (எண்பதில் ஒன்று) சேர்த்தால் மாகாணி. இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் கூட்டிப் பாருங்கள், பதினாறில் ஒன்று கச்சிதமாக வரும். இந்தப் பின்னங்களுக்குத் தனித்தனிக் குறிகள் இருந்தன. அவை கணினியின் யூனிகோடு அட்டவணையில் 2019இல்தான் இடம்பிடித்தன. புறநானூற்றில் பிசிராந்தையார், வரி வாங்கும் பாண்டியனுக்கு யானையை உவமை காட்டிச் சொல்லும் பாட்டில், முறையாக அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ‘மாநிறைவு இல்லதும் பன்னாட்கு ஆகும்’ என்கிறார். ஒரு மா அளவுகூட நிறையாத நிலம் பல நாளைக்குப் போதும். அதே யானை வயலில் புகுந்தால் நூறு வயலும் போதாது.

ஒரே எழுத்தாய் நின்று பொருள் தரும் சொற்களை எண்ணிய நன்னூல் நாற்பத்திரண்டு என்று கணக்குச் சொல்கிறது. அதில் உயிரெழுத்துகளுக்கு ஆறு. மகர வரிசைக்கும் ஆறு. வேறெந்த மெய்க்கும் அத்தனை கிடைக்கவில்லை. அந்த ஆறிலும் ‘மா’தான் சுமை தாங்கி. மரம், விலங்கு, அரைத்த பொடி (ஈழத்தில் இன்றும் ‘மா’தான், இங்கே ‘மாவு’), அளவு, பெருமை, கருமை. மாநிறம் என்கிறோமே, அது கருமை. மாயோனும் அந்த வழி. மாநகர் பெருமை. சிலப்பதிகாரம் தன் தொடக்க வாழ்த்தில் ‘மாமழை போற்றுதும்’ என்கையில் பெரிய மழையா, கரிய மேகமா என்று யாரும் வழக்காட வேண்டியதில்லை. கருத்து வரும் மழைதான் பெரிதாகவும் பெய்யும். மாநிலம் வள்ளுவருக்குப் பரந்த உலகம். நமக்கு அது சட்டமன்றம் உள்ள ஓர் ஆட்சிப் பகுதி.

இத்தனை பொருளையும் ஒரே இடத்தில் மோதவிட்டவர் காளமேகம். முக்கால், அரை, கால், அரைக்கால் என்று பின்னங்களாகவே இறங்கிவரும் அவருடைய வெண்பா இப்படி முடிகிறது:

‘இருமாமுன் மாகாணிக் கேகாமுன் கச்சி
ஒருமாவின் கீழரையின் றோது.’

இருமா என்பது பத்தில் ஒன்று. இங்கே ‘இருமுவதற்கு முன்’. மாகாணி பதினாறில் ஒன்று, இங்கே சுடுகாடு. ஒருமா இருபதில் ஒன்று. இங்கே காஞ்சிபுரத்து ஒற்றை மாமரம். அதன் கீழ் இருப்பவரை இன்றே ஓது என்பது செய்தி. ஏகாம்பரம் என்ற பெயரும் ஏகம், ஆம்ரம் என்ற அந்த ஒற்றை மாமரம்தான் என்பார்கள்.

விலங்கு ‘மா’வும் மர ‘மா’வும் பேச்சில் குழம்பாதா? தொல்காப்பியர் இதை நூற்பாவிலேயே எடுத்துக்கொண்டார். தனியே நிற்கும்போது இரண்டும் ஒன்றுதான். அடுத்த சொல் வந்து ஒட்டும்போது வேறுபடும். விலங்கு என்றால் இடையில் னகரம் தோன்றும்: மா + கோடு, மான்கோடு, விலங்கின் கொம்பு. மரம் என்றால் வரும் எழுத்துக்கு இனமான மெல்லெழுத்து: மாங்கொம்பு, மாந்தளிர், மாம்பழம். அரைத்த மாவுக்கு இந்த மூக்கொலி எதுவும் வராது. சொல் தன் முகத்தில் காட்டாத அடையாளத்தைத் தோள்மூட்டில் காட்டுகிறது.

தெலுங்கில் ‘மா’ என்றால் ‘எங்கள்’. மா இல்லு, எங்கள் வீடு. அதற்கும் நம் ‘மா’க்கள் எதற்கும் தொடர்பு இல்லை. அதன் உடன்பிறப்பு தமிழில் ‘எம்’. தெலுங்கில் பல சொற்களில் முன்னுயிர் மெய்யைத் தாண்டிப் பின்னால் போய் நிற்கும். எம், மா ஆனது அப்படித்தான். காதுக்கு ஒன்றுபோல் கேட்பது அந்நியம், கேட்காதது உறவு என்பதற்கு இதைவிடப் பக்கத்து வீட்டுச் சான்று கிடைக்காது.

மாமரத்துக்கு வருவோம். மா + காய், மாங்காய். இந்த ‘ங்’ மரத்திலும் இல்லை, காயிலும் இல்லை. இரண்டும் சேரும் இடத்தில் மட்டும் பிறக்கிறது. மலையாளத்தில் அது ‘மாங்ஙா’. 1498இல் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய போர்ச்சுகீசியர் அந்தப் பெயரை ‘மாங்கா’ என்று வாங்கிப் போனார்கள். மலாய்க்காரர்கள் தமிழிலிருந்து ‘மங்கா’ என்று எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் ‘மாங்க்’, ஆங்கிலத்தில் ‘மாங்கோ’, ஜப்பானியத்தில் ‘மங்கோ’. நம் புணர்ச்சி விதி எதுவும் தெரியாத இத்தனை மொழிகளும் அந்த விதி ஈன்ற ஒற்றை மட்டும் பத்திரமாக வைத்திருக்கின்றன. பழம் தின்னத் தெரிந்தவர்கள், பெயரை மட்டும் காயாகவே வாங்கியிருக்கிறார்கள்.

அந்தப் பெயர் சீனத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே அது ‘மாங்குவோ’. ஆகச் சீன மொழிக்குள் தமிழ் ‘மா’ இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. குதிரையின் மேல் அல்ல, மாமரத்தின் மேல். ‘காய்’ தேய்ந்து ‘கோ’வாகி வந்து சேர்ந்த அந்தக் கடைசி அசையை எழுதுவதற்குச் சீனர்கள் ஒலிக்கும் பொருளுக்கும் பொருந்தும்படி தங்களிடம் இருந்த ஓர் எழுத்தைப் போட்டார்கள். அந்த எழுத்துக்குப் பொருள் ‘பழம்’. அங்கே போய்த்தான் காய் பழுத்தது.